சவுக்காரம் போட்ட தோல்

மழை நேரத்தில் மேலே விமானச் சத்தம் கேட்டால், இத்தனை வயதிலும் என் கை செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறது. சத்தம் இறங்கி ஓயும்வரை அப்படியே நிற்பேன். வீட்டில் இருப்பவர்கள் காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணத்தைச் சொல்லக் கூச்சம். ஐந்தாவதோடு படிப்பு நின்றது, தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், சோடாக்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கடலோரத்து விமானத் திடலில் பெட்ரோல் ஊற்றும் வேலை. அப்போது புனலில் ஒரு மெல்லிய தோலை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவார்கள். பெட்ரோல் இறங்கிவிடும். தண்ணீர் கலந்திருந்தால் தோல்மேலேயே நின்றுவிடும். தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் நிற்கும் என்று சொல்லியிருந்தார்.

ஒருநாள் அழுக்குச் சட்டையோடு அந்தத் தோலும் சுருண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. அதில் ஊறியிருந்த பெட்ரோலைப் பிழிந்தபோது விரல்கள் ஜில்லென்று மரத்துப்போனது நினைவிருக்கிறது. சட்டைக்குப் போட்ட சவுக்காரத்தை அதற்கும் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, அவர் பையில் வைத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் பெரிய மழை. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. மேலே ஒரு விமானம் வந்தது, போனது, மறுபடி வந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஓட்டுகிறவர் வெளியே பார்க்கமாட்டார், பார்த்தாலும் தெரியாது. முன்னாலிருக்கிற கருவிகளின் முட்களைப் பார்த்துக்கொண்டு, கீழே இருக்கிற கம்பியில்லாத் தந்திக்காரர் சொல்கிற பக்கம் திரும்பித் திரும்பி இறங்குவாராம்.

சத்தம் தாழ்ந்தது. இரண்டு தரம் கமறியது. நின்றுபோயிற்று.

மழைச் சத்தம் மட்டும்தான். அரிசி களைந்த சட்டி கையிலேயே இருந்தது. பிறகு எங்கோ தள்ளிப் பொருமிப் பொருமி மறுபடி பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அவர் முழங்கால்வரை சேற்றோடு வந்தார். சோடாக்கடை பாயிடம் அவர் சொல்வதை மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"விமானம் ஓட்டுற துரை, கடல் சுவருக்கு நாலு முழம் இந்தப் பக்கம் எப்படியோ இறக்கிட்டாரு, பாய். எஞ்சினுக்குக் காத்து போற தொண்டையில ஐஸ் கட்டிடுச்சுன்னு துரை சொல்றாரு."

"சிங்கப்பூர்லயா? என் கடையில மரத்தூள்ல பொத்தி வச்ச ஐஸே மத்தியானம் தாண்டமாட்டேங்குது. மேல எவன் லா கொண்டுபோய் வித்தான்?"

"பெரிய மெக்கானிக்கும் அப்படித்தான் சிரிச்சாரு. தொறந்து பார்த்தா ஐஸ் இல்ல. தண்ணி போயிருக்கும்னாரு. நான் வடிகட்டுனதுல ஒரு சொட்டு போகாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். துரை என் பேச்ச நம்பி, நாளைக்கு அதே பெட்ரோலோட கிளம்புறாரு."

சவுக்காரம் பட்ட தோல் தண்ணீரையும் விட்டுவிடுமோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் நாளைக்கும் அந்தத் தோல் வழியாகப் போன பெட்ரோலை நம்பி மேலே ஏறுவார். சோறு போடும்போது வாய்வரை வந்தது. குழம்பு வேண்டுமா என்று கேட்டேன்.

காலையில் அவர் சைக்கிளைத் தள்ளியபோதுதான் வார்த்தை வெளியே வந்தது.

"என்னங்க. அந்தப் பெட்ரோல் தோல நான் துவைச்சுட்டேன். சவுக்காரம் போட்டு."

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "எப்ப?"

"ஞாயித்துக்கெழம."

"நேத்தே ஏன் புள்ள சொல்லல?"

"உங்க வேல போயிடும்னு."

"போனாப் போகுது. ஆளு போயிட்டா?" என்று மட்டும் சொன்னார். காப்பி ஆறிக்கொண்டு கிடந்தது. குடிக்காமல் போய்விட்டார்.

அன்று பகல் முழுக்க எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூட்டின தரையைத் திரும்பக் கூட்டினேன். இவர் போய்ச் சேருவதற்குள் விமானம் கிளம்பியிருந்தால்? இவர் சொல்லி அவர்கள் கேட்காவிட்டால்? மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. மழைக்குள்ளே சத்தம் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது. கமறவில்லை. அப்படியே தேய்ந்து மறைந்தது. இறங்கியதா, கடலுக்குள் போனதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அவர் வந்தார்.

"டாங்க் மொத்தத்தையும் காலி பண்ணி, கண்ணாடி ஜாடியில ஊத்திப் பார்த்தாங்க. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஐஸேதான், நேத்து தொறக்குறதுக்குள்ள உருகிடுச்சாம். பெட்ரோல் காத்தோட கலக்கும்போது அவ்வளவு குளிருமாம். ஈரக்காத்துல இருக்கிற தண்ணி அப்படியே உறைஞ்சுடுதாம். இறங்குறப்ப எஞ்சினைத் தணிச்சா இன்னும் மோசமாம். இன்னைக்குத் துரை, சூடான காத்து உள்ள வர்ற பிடிய மொதல்லயே இழுத்து வச்சுக்கிட்டு இறங்கினாரு."

அன்று தோலைப் பிழிந்து மரத்துப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

"வேல?"

"இருக்கு. பெரிய மெக்கானிக் கொஞ்ச நேரம் கத்துனாரு. தோலு துவைச்சது எப்படித் தெரிஞ்சுதுன்னு துரை கேட்டாரு. வீட்டுல சொன்னாங்கன்னேன்."

பையிலிருந்து அந்தத் தோலை எடுத்து நீட்டினார். இனி திடலுக்கு ஆகாதாம். விளக்குக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் விளக்கு போகும்வரை அது இருந்தது.