ஆண் புழுக்கள் போன பக்கம்

புழு ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆண் புழு பெண் புழுவை எப்படித் தேடிப் போகிறது என்பதுதான் ஆராய்ச்சி என்று சேர்த்துச் சொன்னால், சுளித்த முகத்திலேயே ஒரு சிரிப்பு வரும். மூன்று வருடம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். ஜீப் ஓட்டுபவரிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நிற்கும் சித்தப்பா வரைக்கும் அதே சிரிப்பு. அதற்குப் பின்னால் வரும் கேலியும் அதேதான். ஒருவராவது புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தால் மதித்திருப்பேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் ஒரு வாடகை வீடு. முன்னறையில் ஆய்வை நடத்தும் சாரின் மேசை, பின்னறையில் இரண்டு மைக்ராஸ்கோப், சமையலறையில் கண்ணாடிச் சாமான் கழுவும் தொட்டி. சார், நான், கழுவுவதற்கு ஒரு அக்கா. அவ்வளவுதான் ஆட்கள். வாசலில் தொங்கிய போர்டைப் பார்த்தால் உள்ளே ஐம்பது பேர் வேலை செய்வதாகத் தோன்றும். அதில் சாரின் பெயரும் பட்டங்களும் மட்டும் மூன்று வரி.

புழுக்கள் சூடான கீழ்மலையில், பெரும்பாறையிலிருந்து வந்தவை. அங்கே ஆரஞ்சுத் தோட்டத்தில் விழுந்து அழுகிய பழங்களைப் பொறுக்கி வருவேன். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண் இல்லாத புழு. கன்னிப் பெண் புழுக்களைத் தண்ணீரில் சில மணி நேரம் விட்டு எடுத்துவிட்டால், அந்தத் தண்ணீரில் அவற்றின் வாசனை தங்கிவிடும். அகர் என்னும் பாசிக் கூழ் ஊற்றிய தட்டின் ஒரு ஓரத்தில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு, எதிர் ஓரத்தில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு, நடுவில் ஆண் புழுக்கள். ஒரு மணி நேரம் கழித்து எது எங்கே இருக்கிறது என்று எண்ண வேண்டும். சோதனை இவ்வளவுதான்.

கொடைக்கானல் குளிரில் இந்தப் புழுக்கள் மரத்துப் போய்விடும். அதனால் தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பல்பைப் பொருத்தி, அதற்குள் தட்டுகளை வைப்போம். கோழிக்குஞ்சு பொரிக்கிறவர்கள் செய்கிற ஏற்பாடு. சார் அதை 'டெம்பரேச்சர் சேம்பர்' என்பார்.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. ஆண் புழுக்கள் ஏறக்குறைய எல்லாமே வாசனைச் சொட்டின் பக்கம் போய்க் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாருக்கு அதற்கும் மேல். ஊரில் எந்த விழாவானாலும் மேடையேறி 'காதல் வாசனை' என்று பேச ஆரம்பித்தார். புழுவுக்குக் காதல் உண்டா என்று நான் ஒருமுறை கேட்டேன். "பப்ளிக்குக்கு அப்படித்தான்மா சொல்லணும்" என்றார். பப்ளிக்கை அவர் எவ்வளவு மட்டமாக நினைத்தார் என்பது அன்று புரிந்தது. பப்ளிக் அந்த நினைப்பைப் பொய்யாக்கவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தட்டுகளை எடுத்துப் பார்த்தால், ஆண் புழுக்கள் வெறும் தண்ணீர்ப் பக்கம் கிடந்தன. ஒரு தட்டில் அல்ல, ஆறு தட்டிலும். அக்காவைக் கூப்பிட்டேன்.

"பெட்டியில கை வச்சீங்களாக்கா?"

"நீங்க தட்டை வச்சுட்டு அங்கிட்டுப் போனதும் தொடைச்சேன் டீச்சர். பெட்டிக்குள்ள ஈரமா கெடந்துச்சு. ட்ரேயை எடுத்துட்டுத் திரும்ப வச்சேன். திருப்பி வச்சுட்டேனோ என்னமோ."

வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான். தெரியாத சோலியில் ஏன் கை வைக்கிறீர்கள் என்று நான் அவரைக் கடிந்து பேசினேன். அவர் தொட்டிப் பக்கம் போய்விட்டார். நானோ படித்தவள். ட்ரே திரும்பினால் புழு ஏன் திரும்ப வேண்டும் என்று யோசிக்க எனக்கு மத்தியானம் வரை ஆயிற்று.

பல்பு பெட்டியின் இடது சுவரில் இருந்தது. நான் எப்போதும் வாசனைச் சொட்டை இடது பக்கமே வைத்திருக்கிறேன். கை அப்படிப் பழகிவிட்டது, அதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. அந்த மத்தியானமே இரண்டு பக்கமும் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். புழுக்கள் பல்பின் பக்கம் போயின. பெண் புழுக்களை விட்டுப் பார்த்தேன். அவையும் போயின. அவை வளர்ந்த சூட்டைத் தேடிப் போயிருக்கின்றன. மூன்று வருடமாக நான் எண்ணி எண்ணி எழுதியது குளிரில் நடுங்கியவற்றின் கணக்கு.

மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு சாரிடம் சொன்னேன். அவர் சனிக்கிழமை கிளப்பில் பேசப்போகும் பேச்சுக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அது மைனர் இஷ்யூம்மா. பல்பைப் பத்தி யாரு கேக்கப்போறா?"

"யாரும் கேக்காட்டியும் தப்புதானே சார்?"

"வாசனை உண்டுங்கிறது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். நாம புதுசாவா சொல்றோம்? ப்ரோக்ராம் முடியட்டும், பாத்துக்கலாம்."

நான் தலையாட்டினேன். அவரைத் திட்டி எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும். தலையாட்டியதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை இஸ்திரி போட்ட புடவையில் போய், அவருடைய லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டும் இருந்தேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் ரிசார்ட் நடத்துகிறவர்கள், மீதிப் பேர் ஓய்வு பெற்று மலைமேல் வீடு கட்டியவர்கள். மனுஷனுக்கும் இப்படி வாசனை உண்டா என்று ஒருவர் கேட்டார். சார் தம் சட்டைக் காலரை முகர்ந்து காட்டினார். சபை குலுங்கியது. பக்கத்தில் இருந்த மனைவியின் தோளில் இடித்து ஒருவர் சிரித்தார். எனக்கு அந்தப் புழுக்களை நினைத்து வெட்கமாக இருந்தது. அவற்றின் வேலை இதைவிட எவ்வளவோ மரியாதையான வேலை.

கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் குளிருல புழுவை எப்படிங்க உயிரோட வச்சிருக்கீங்க? எங்க லேப்ல தவளை முட்டைகூட நிக்க மாட்டேங்குது."

"நல்ல கேள்வி. எங்க மேடமே சொல்லுவாங்க" என்று சார் மைக்கை என்னிடம் நீட்டினார். பெட்டியின் பெருமையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பல்பு வச்சிருக்கோங்க" என்றேன். "பெட்டியோட இடது பக்கம். நாங்க வாசனையை வச்சதும் அதே பக்கம். புழுக்கள் போனது பல்புக்கு. வாசனைக்குத்தான் போச்சுன்னு இப்போதைக்குச் சொல்ல முடியாதுங்க."

ஆசிரியை மட்டும் மெதுவாகத் தலையசைத்தார். மற்றவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள். பிறகு சமோசா கொடுத்தார்கள். சாரைப் பாராட்ட ஒரு வரிசையே நின்றது. நான் சொன்னதைக் காதில் வாங்கியவர்கள் அந்த ஹாலில் இரண்டே பேர். அதில் ஒருவர் திரும்பும் வழி முழுக்க என்னிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை, மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "உங்களுக்கு டீம் ஸ்பிரிட் இல்லம்மா" என்றார்.

மிச்சம் இருந்த நாட்களில் சோதனையை ஒழுங்காகச் செய்துவிட நினைத்தேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உதவியும் கேட்டேன். "அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன். சொல்லுங்க, வெரசா செஞ்சு முடிச்சிருவோம்" என்றார். பல்பைக் கழற்றினோம். வெந்நீர் ஊற்றிய பாட்டில்களை நாலு பக்கமும் சமமாக அடுக்கினோம். வாசனைச் சொட்டு எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு தட்டுக்கும் அக்காவே சீட்டு எடுத்து முடிவு செய்தார். சொட்டையும் அவரே வைத்தார். எது எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. எண்ணி முடித்த பிறகுதான் சீட்டைப் பிரித்தோம்.

வாசனைப் பக்கம் அதிகமாகத்தான் போயிருந்தன. முன்பு போல மொத்தமாக அல்ல. சில நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று, அகரை விட்டுத் தட்டின் பிளாஸ்டிக் சுவரில் ஏறிக் காய்ந்துவிட்டிருந்தன. மேடையில் சொல்ல லாயக்கில்லாத, ஆனால் உண்மையான முடிவு.

"நான் பாக்கலாமா டீச்சர்?" என்று அக்கா கேட்டார். அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடம் அந்தத் தட்டுகளைக் கழுவியவரை ஒருநாளும் நான் மைக்ராஸ்கோப் பக்கம் கூப்பிட்டதில்லை. சாரின் அலட்சியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசக்கூடியவள் நான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வளரும் தட்டு ஒன்றை வைத்துக் கொடுத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு ஆண் புழு வாலால் பெண்ணின் உடம்பைத் தடவித் தடவி இடம் தேடிக்கொண்டிருந்தது.

"பாவம், கண்ணு இல்லாம என்ன பாடு படுது" என்றார். பிறகு, "இதுல சிரிக்க என்னங்க இருக்கு?"

முடிவுகளைச் சாரின் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா இருக்கு, சுமாரா இருக்கே" என்றார். அதன்பின் அவர் புழுவை விட்டுவிட்டதாகக் கேள்வி. இப்போது தேனீக்களின் குடும்பப் பாசம் பற்றிப் பேசுகிறாராம். கூட்டத்துக்குக் குறைவில்லையாம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். இனப்பெருக்கப் பாடம் வரும் நாளில் பின் பெஞ்சில் அதே சிரிப்பு கேட்கும். முடியும் வரை நின்று பார்த்துவிட்டு, பாடத்தைத் தொடர்வேன்.