சுவிஸ் பதிப்பின் முகம்

போன சனிக்கிழமை தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தல் வாங்கலாம் என்று, சுவிஸில் நான் இருக்கும் பீல் நகரத்துப் புரோக்கிக்குப் போனேன். புரோக்கி என்றால் இங்கே பழைய சாமான் விற்கும் கடை. கேத்தல் வாங்கவில்லை. பின்மூலையில் இசைத்தட்டுப் பெட்டிகள் கிடந்தன. ஈரம் குடித்துக் காய்ந்த மட்டையின் மணம் வந்தால் எனக்குக் கால் நகராது. சங்கீதம் தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அட்டையை மட்டும் பார்க்கிறவள். கடைக்காரப் பெண் வந்து பூட்டப்போகிறோம் என்று சொல்லும்வரை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மணத்தை எனக்குப் பழக்கியவர் எங்கள் மேற்பார்வையாளர். அகதியாக வந்த புதிதில் பீலில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. வசந்திக்கும் அங்கேதான் வேலை. அவளும் நானும் ஒரே அறையில் இருந்தோம், பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். மேற்பார்வையாளர் பிரெஞ்சு பேசுகிறவர். நாங்கள் அவரை மூசியே என்போம், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கசெட் போடுவார். "இது சோல்" என்று ஒருநாள் சொன்னார். அது கறுப்பினத்தவரின் பாட்டுவகை ஒன்றின் பெயராம். சோல் என்றால் ஆங்கிலத்தில் சப்பாத்தின் அடி என்றுதான் எனக்கு அப்போது தெரியும். குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். வசந்தி சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான்தான் தலையில் தட்டவேண்டி வந்தது.

மூசியே ஒரே இசைத்தட்டை நாட்டுக்கொன்றாக வாங்கிச் சேர்ப்பவர். ஒருநாள் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அமெரிக்காவில் வந்த அட்டையில் கறுப்பினப் பாடகியின் முகம் முழுசாக இருந்தது. நெற்றியில் வியர்வை, கண் மூடியிருந்தது, வாய் பாடிக்கொண்டிருந்தது. பிரான்ஸில் வந்ததில் அவளே இல்லை. கடலும், இறங்குகிற சூரியனும், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முதுகும். "பாட்டு ஒன்றுதான். பாடினவளைத்தான் காணவில்லை" என்று அவர் சொன்னது எங்கள் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் விளங்கியது.

அதே தட்டுக்குச் சுவிஸில் ஒரு மலிவுப் பதிப்பு போட அவருடைய நண்பர் ஒருவர் முயன்றுகொண்டிருந்தார். பாட்டுக்கு அனுமதி கிடைத்தது, படத்துக்குக் கிடைக்கவில்லை. கறுத்த முகம் ஒன்று வேண்டும், யாருடையது என்று யார் கேட்கப்போகிறார்கள் என்றாராம் அந்த நண்பர். வசந்தியைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. ஒரு சோடி குளிர்ச் சப்பாத்துத் தருவதாகச் சொன்னார்.

"அக்கா, நான்தான் பாடுறன் எண்டு சனம் நினைக்குமோ?"

"நீ பாடினா ஒருத்தரும் வாங்க மாட்டினம். பயப்பிடாதை."

அமெரிக்க அட்டையை முன்னால் வைத்து, அதே மாதிரிக் கண்ணை மூடச் சொன்னார்கள். தோளில் கிடந்த சட்டையைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்கள். படம் வந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வசந்திக்கு அப்போது கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை கூர் என்கிற நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். யாரோ ஒரு பிறந்தநாள் விழாவில் அந்த அட்டையை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த நாள் அவருடைய தமக்கை தொலைபேசி எடுத்தா.

"எங்களுக்குத் தோள் காட்டுற பிள்ளை சரிவராது, கண்டியளோ."

அதன்பிறகு திரிம்பாக்கில் இருக்கும் எங்கள் தமிழ்க் கோயிலுக்குப் போனாலும் பின்னால் குசுகுசுப்புத்தான். எல்.பி. என்றால் இசைத்தட்டு; 'எல்.பி. வசந்தி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சில வருடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், அம்மாவோடு இருக்கப்போகிறேன் என்று கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். தன்னுடைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனாள். எங்களிடம் அந்த நாளில் கமரா ஏது?

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். சண்டையின் கடைசி நாட்களில் தாயும் மகளும் சனத்தோடு சனமாக நடந்து வந்திருக்கிறார்கள். சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் வசந்தியை மட்டும் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. காணாமல்போனவர்களின் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் படங்களோடு உட்காரத் தொடங்கியபோது, வசந்தியின் அம்மாவிடம் கையில் பிடிக்க ஒரு படம் இருக்கவில்லை. இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டன. என்னைக் கேட்டா. என்னிடம் இருந்தது அட்டை மட்டும்தான். எழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டு, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். நகல் எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் அப்படித்தான்.

ஒரு மாதத்தில் அந்த அம்மா தொலைபேசி எடுத்தா.

"பிள்ளை, கண் திறந்த படம் ஒண்டு இருக்கோ? இதைப் பாக்கிற ஆக்கள் செத்தபிறகு எடுத்த படமோ எண்டு கேக்கினம்."

"இல்லை அம்மா."

"தேடிப் பார் பிள்ளை."

தேடினேன். மூசியேயின் வீட்டுக்கும் போனேன். அவர் இறந்து, வீடு கைமாறி, தட்டுகளை யாரோ மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அம்மா அதே படத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டுப் போன மாரியில் செத்துப்போனா. கொட்டகைக்குள் வெள்ளம் வந்து அட்டை ஊறிக் கிழிந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்.

புரோக்கியால் வந்து மகளிடம் இதைச் சொன்னேன். இங்கே பிறந்தவள், எதையும் கைத்தொலைபேசியில் தேடுகிறவள். பழைய இசைத்தட்டுகளுக்கென்றே ஒரு தளம் இருக்கிறதாம். அந்தத் தட்டையும் கண்டுபிடித்தாள். அமெரிக்க அட்டை இருந்தது. பிரெஞ்சுச் சூரியன் இருந்தது. ஜப்பானில் பூ வரைந்திருக்கிறார்கள். சுவிஸ் பதிப்புக்கு நேரே ஒரு சாம்பல் நிறச் சதுரம்; படம் இல்லை என்று கீழே எழுதியிருந்தது.

"அம்மா, உங்களிட்ட அவவின்ர வேற படம் ஒண்டும் இல்லையோ?"

இல்லை என்றேன். அன்றைக்கு வசந்தியின் தாயாருக்கும் அதைத்தான் சொல்லவேண்டி வந்தது.