ஜூன் ஒன்று

"எவன் எழுதுனான் இத?" என்று கேட்காமல் ஹேமலதா எந்த நிரலையும் தொட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு, கன்னத்தில் கை வைத்துத் திரையைப் படிப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. "யாரு பெத்த புள்ளையோ, நாந்தான் மூக்கு சிந்தி வுடணும்."

முதலியார்பேட்டையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன மென்பொருளைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. ஹேமலதா திருத்துவார், நான் சோதித்துப் பார்த்துச் சரி என்பேன். பதினோரு வருஷமாக ஜூன் ஒன்றாம் தேதி அவருக்குக் கேக் வெட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் சொல்வார்: "அது பள்ளிக்கூடத்துல சேக்கசொல்ல வாத்தியார் போட்ட தேதி. நான் பொறந்தது மார்கழி."

போன மாதம் ஒரு கண் மருத்துவமனையின் மென்பொருள் வந்தது. இலவச அறுவை சிகிச்சைப் பட்டியலில் ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி மறுபடி வந்தால், ஒரே ஆள் இரண்டு முறை பதிந்ததாக எடுத்துக்கொண்டு அது நீக்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த தேவதாஸ் அதில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஜூன் ஒன்றில் பிறந்தவர்களை நீக்காதே.

"ஜூன் ஒண்ணுக்கு மட்டும் என்னா சலுக? தேவதாஸ் தூங்கிக்கினே எழுதிருப்பாரு." ஹேமலதா அந்த வரியைத் தூக்கிவிட்டார். நானும் சிரித்தேன். சரி என்றேன்.

மூன்றாம் நாள் காலை மருத்துவமனையிலிருந்து போன். கனகசெட்டிக்குளத்திலிருந்து அஞ்சலாட்சி என்ற ஒரே பெயரில் மூன்று பாட்டிகள் அறுவை சிகிச்சைக்கு மாற்றுத்துணியோடு வந்திருந்தார்கள். பிறந்த நாள் தெரியாதவர்கள். அடையாள அட்டை எடுத்தபோது மூவருக்கும் யாரோ ஒரே வருஷம், ஜூன் ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். பட்டியலில் ஒரு அஞ்சலாட்சிதான் இருந்தார். மற்ற இருவரின் இடமும் வேறு யாருக்கோ போய்விட்டது. ஸ்பீக்கரில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "உசுரோட இருக்கசொல்லவே பேர எடுத்துட்டாங்களா, கண்ணு?"

ஹேமலதாவின் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்குத் தெரியாதா? எனக்கே தெரியாதா?" என்று முணுமுணுத்தார். வரியைத் திரும்பப் போடக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த இருவரும் பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

மாலையில் முதலாளி செல்வகுமார் வந்தார். "தேவதாஸ் பண்ண வேலதான இது? ஆஸ்பத்திரிக்கு அப்டியே எழுதி அனுப்பிடறேன்." தேவதாஸ் அதே மருத்துவமனையில் வேலைக்கு மனுப் போட்டிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கூசியது.

ஹேமலதா காலைக் கீழே இறக்கினார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் தூக்குவதுபோல, வலது கையைத் தூக்கினார். சரி என்று சொன்ன நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.