ஒரு மேசைக்கு ஆறு பேர்

2004-ல் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்தபோது, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலேயே டியூஷன் எடுத்தேன். பிளஸ் டூ பொருளாதாரத்தில் இரண்டு முறை தவறிய தனம் மாலையில் தனியாக வருவாள். பகலில் பீங்கான் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. எதைக் கேட்டாலும் வாய்க்குள்ளேயே பதில் சொல்வாள். எழுதும்போது நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள்.

ஒருநாள் குறைந்து செல் விளைவு விதியை நடத்திக்கொண்டிருந்தேன். சட்டென்று நிமிர்ந்தாள்.

“அக்கா, இது எனக்குத் தெரியும்! எங்க கம்பெனியில ஒரு மேசைக்கு மூணு பேருன்னா பொம்ம கடகடன்னு முடியும். ஆறு பேர உக்கார வச்சா கையோட கை இடிக்கும். ஆளு கூடுற அளவுக்குப் பொம்ம கூடாது.”

அவ்வளவு சரியான பதில். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பரீட்சையில இதெல்லாம் எழுதி வைக்காத. புத்தகத்துல இருக்கற நிலம், உழவு உதாரணத்த அப்படியே எழுது. அப்பதான் மார்க்கு.”

மூன்றாவது முறையும் தவறினாள். அந்தக் கேள்வி வந்திருந்ததே என்று கேட்டேன்.

“தலைப்பு மட்டும் எழுதுனேன்க்கா. புஸ்தகத்துல இருந்தது மறந்துபோச்சு. மேசதான் ஞாபகம் வந்துச்சு. நீங்க வாணாம்னீங்களே, அதான் அப்படியே வுட்டுட்டேன்.”

குரலில் கோபம்கூட இல்லை. இன்னொரு முறை எழுதச் சொல்லிக் கெஞ்சினேன்.

“எனக்கெல்லாம் வராதுக்கா. போயிட்டு வரேன்.”

பிறகு வரவேயில்லை.

நான்கு மாதம் என்னிடம் படித்தவள், தானாக, வாய்விட்டுச் சொன்ன பதில் அந்த மேசை உதாரணம் ஒன்றுதான்.