உர்சுலாவின் கத்தரிக்கோல்

உங்கள் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஆறடி நீளத்துக்கு நூல் எப்படி அடங்கிக் கிடக்கிறது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? இருக்காது. பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தது என்று மட்டும் பெற்றவளிடம் கேட்பீர்கள். உர்சுலாவிடமும் கேட்டார்கள்.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. நோயாளியின் ரத்த அணுக்களை வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் தறுவாயில் மருந்து விட்டு நிறுத்துவார்கள். டிஎன்ஏ என்னும் அந்த நூல் மற்ற நேரங்களில் மணி மணியான புரதங்களைச் சுற்றியபடி தளர்ந்து கிடக்கும்; கண்ணுக்குப் பிடிபடாது. பிரியும் நேரத்தில் அந்த மணிச்சரம் சுருண்டு, மடிந்து, இறுகி, நாற்பத்தாறு குட்டைக் குரோமோசோம்களாகிவிடும். அவற்றைப் படமெடுத்துப் பெரிதாக்கித் தருவார்கள். உர்சுலா ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவாள்.

1983 ஜூனில் சூரிய கிரகணம் வந்தது. உர்சுலாவுக்கு அப்போது ஐந்து மாதம். கணவனின் அண்ணன் லாசரஸ், மாதா கோயில் உபதேசியார், காலையிலேயே வந்துவிட்டார்.

"கிரகணத்துல புள்ளத்தாச்சி எதையும் வெட்டக் கூடாதும்மா. லீவு போடு."

கத்தோலிக்கருக்குக் கிரகண தோஷம் கிடையாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. உர்சுலா வேலைக்குப் போய், கிரகணம் விடும்வரை வெட்டினாள்.

அக்டோபரில் ஜோசபின் பிறந்தாள். சரிந்த கண்கள், துவண்ட கைகால்கள். "டவுன் சின்ட்ரோம்" என்றார் டாக்டர். "கத்தரிக்கோல்" என்றார் லாசரஸ்.

"ஊரு குரோமோசோமையெல்லாம் வெட்டினா சொந்தப் புள்ளைக்கு என்ன மிஞ்சும்? வேலைய எழுதிக் குடுத்துட்டு வா. அப்புறந்தான் ஞானஸ்நானம்."

"வெட்டினா குறையணும் பெரியத்தான். இவளுக்கு ஒண்ணு கூடியில்ல இருக்கு."

கணவன் இயேசுதாசன் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான். செம்பவாங் கப்பல் பட்டறையில் அவனுக்குக் கயிற்று வேலை. வீட்டில் அவன் வேலை பேசாமல் இருப்பது.

குழந்தைக்கு மிகுதியாக வந்த குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டியிருந்தது. அது யார் வழி வந்தது என்று பார்க்க அப்பா, அம்மா இருவர் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர்.

"ஆம்பளைக்கு எதுக்குடா?" என்றார் லாசரஸ்.

அது புதிதல்ல. ஆய்வுக்கூடத்துக்கு மனைவிமார் ரத்தம்தான் முதலில் வரும். கணவன்மார் தேக்கா காப்பிக்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

உர்சுலாவின் ரத்தத்தில் கோளாறு இல்லை.

"பாத்தியா? ரத்தம் சுத்தம். அப்பக் கத்தரிக்கோல்தான் லா. திங்கக்கிழமை ராஜினாமா கடுதாசியக் குடுத்துடு."

அன்று சோற்றைப் போட்டுக்கொண்டே உர்சுலா கணவனிடம் கேட்டாள்.

"கப்பல்ல கயித்த சும்மா போட்டு வைப்பீங்களா?"

"சுத்தித்தான் வைக்கணும். இல்லன்னா சிக்கிடும்."

"ரெண்டு கயித்த ஒண்ணா முறுக்கிச் சேத்துட்டா?"

"வேலைக்கு ஒண்ணும் கெடாது. ரெண்டும் அங்கதான இருக்கு."

"ஆளுக்கொரு பங்கு பிரிக்கும்போது?"

பிசைந்த சோறு கையில் நின்றது. "சேந்தது போற பக்கம் ஒண்ணு கூடப் போயிரும்."

"ஒங்க ஒடம்புலயும் அப்படி ரெண்டு சேந்திருக்கலாம். கைய நீட்டுங்க."

மறுநாள் போய் நீட்டினான்.

சொந்த வீட்டுப் படத்தைத் தானே வெட்டக் கூடாது என்பது ஆய்வுக்கூட விதி. தோழி ஜோன் வெட்டினாள். உர்சுலா பக்கத்தில் நின்றாள். இயேசுதாசனுக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாய் ஒட்டியிருந்தன. அவனிடம் எதுவும் குறையவில்லை, கூடவுமில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

முடிவைக் கேட்ட லாசரஸ் கூரையைப் பார்த்தார். "எல்லாம் கடவுள் சித்தம்."

"கத்தரிக்கோலா இருந்தவரைக்கும் பாவம். ஒங்க தம்பின்னதும் சித்தமா?"

அண்ணன் எதிரில் முதன்முறையாக இயேசுதாசன் வாயைத் திறந்தான். "அப்பா வழியா வந்திருக்கலாமாம் அண்ணே. டாக்டர் ஒன் ரத்தமும் கேக்குறார்."

லாசரஸுக்குக் கோயிலில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. கடுதாசிப் பேச்சு அதோடு நின்றது. அடுத்த ஞாயிறே ஞானஸ்நானம். தேதியை அவரே குறித்தார். பிரசவ விடுப்பு முடிந்ததும் உர்சுலா அதே கத்தரிக்கோலை எடுத்தாள்.

ஜோசபின் யாருடைய பாவமும் அல்ல, அப்பனுடையதும் அல்ல. ஆகவே இதை வாசிக்கும் ஆண்களே, டாக்டர் உங்கள் மனைவியின் ரத்தத்தைக் கேட்கும் நாளில் காப்பிக்கடைக்குப் போகாதீர்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, அவளுக்கு முன்னால் போய் உட்காருங்கள்.