மூன்று கலன் கழிவு ஒயில்

என் மனுசனுடைய முப்பத்தோராம் நாள் காரியம் நாளை மறுநாள். ஆட்கள் வருவார்களே என்று இன்றைக்குக் குசினிப் பின்பக்கத்தைத் துப்புரவாக்கினேன்.

அங்கே மூன்று கலன் நிறைய எஞ்சின் கழிவு ஒயில். "இந்த நாத்தத்தை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று இவரை எத்தனை தரம் ஏசியிருப்பேன். சிரிப்பார்.

ஒரு கலனை வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் ஊற்றிவிட்டேன்.

மாரி வருகிறதென்று எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கிற சனம் அந்தக் கானைத்தான் துப்புரவாக்கிக்கொண்டு வந்தது. முன்வீட்டு ரதி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா, என்ன செய்யிறியள்! இது ஆத்துக்கெல்லோ போகுது!"

"இவரின்ரை வள்ளத்து ஒயில்தானடி."

"அத்தான்ரை மட்டுமில்லை. எல்லா வள்ளத்திலையும் கேட்டு வாங்கிச் சேர்த்தவர். கானிலை ஊத்தக்கூடாதெண்டு எங்களோடை சண்டை பிடிச்சதும் அவர்தான். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன் எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் ஏசின ஏச்சில் சொல்லாமல் விட்டுவிட்டாரோ?

மண்ணைக் கொட்டி, எல்லாருமாக அள்ளினோம். முழுவதும் வரவில்லை. அந்த ஆறு கடலில் விழுகிற இடத்தில்தான் இவருடைய சாம்பலைக் கரைத்தோம்.

மற்ற இரண்டு கலனும் இருக்கின்றன. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார் என்று ரதிக்கும் தெரியாது. உப்புவெளிக் கடற்கரையில் இவரோடு மீன்பிடித் தொழிலில் நின்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.

என்னை ஏசிவிட்டும் சொல்லலாம். இவர்தான் ஒருநாளும் ஏசவில்லை.