நட்டு என் சட்டைப் பையில்

இன்று கிடர்பூர் கேரேஜில் என் பழைய காரின் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே நின்றேன்.

அதற்குள் நுழையும் பினியன் தண்டில் இரண்டு பேரிங், நடுவே மெல்லிய இரும்புக் குழாய். நட்டை இறுக்க இறுக்க அந்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். தண்டைக் கையால் சுற்றினால் லேசான பிடி தெரிய வேண்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும்; குழாயின் எதிர் அழுத்தம்தான் நட்டைக் கழலாமல் பிடித்திருக்கும்.

மிஸ்திரி பாப்பி நட்டை ஒரே தம்மில் இறுக்கிவிட்டான். தண்டு அசையவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினான்!

"டேய், நசுங்கினது நிமிருமாடா? புதுக் குழாய் போடு."

"கிச்சு ஹோபே நா, தாது. ஒண்ணும் ஆகாது தாத்தா. இப்ப நல்லா சுத்துது பாருங்க."

"ஓடும்போது நட்டு கழன்று பின்சக்கரம் நின்றுபோனால்? நாளைக்கு என் மகள் பிள்ளைகளோடு இதில்தான் திகா கடற்கரைக்குப் போகிறாள்."

"வயசானா எல்லாத்துக்கும் பயம்தான், தாது."

ஸ்பானரைப் பிடுங்கினேன். நட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகளை ரயிலில் போகச் சொன்னேன். அவளும் கோபமாக இருக்கிறாள்.

முதியோர் வகுப்பில் எழுதக் கற்றபின் ஒருவனைத் திட்டி எழுதுவது இதுவே முதல் முறை. மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் இனிக்கிறது.

பாப்பி போன் மேல் போன் செய்கிறான். புதுக் குழாயைக் கண்ணில் காட்டினால்தான் நட்டு கிடைக்கும்.

இப்போதே கொடுத்துவிடலாம் என்பவர்கள் கீழே எழுதுங்கள். உங்களையும் நிதானமாகத் திட்டுகிறேன்.